‘லைவ்’ என்றால் உயிரோடா, நேரடியா?

 

சென்ற ஆண்டு என் வகுப்பில் ஆங்கிலக் கட்டுரை எழுதச் சொல்லியிருந்தேன். ‘என் குடும்பம்’ என்பது தலைப்பு. ஐந்தாம் ஆண்டுச் சிறுமி ஒருத்தி தன் பாட்டியைப் பற்றி மிகவும் அன்பாக எழுதியிருந்தாள். பாட்டிக்கு வயது எண்பதுக்கு மேல் ஆகிறது, இளமையில் பூச்சோங் பக்கம் இருந்த ரப்பர்த் தோட்டத்தில் பால் வெட்டியவர், இன்றும் தன் துணியைத் தானே துவைத்துக்கொள்கிறார் என்றெல்லாம் எழுதிவிட்டு, கடைசியில் இப்படி முடித்திருந்தாள்: “மை கிராண்ட்மதர் இஸ் ஸ்டில் லைவ்.”

“என் பாட்டி இன்னும் உயிரோடு இருக்கிறார்” என்பதுதான் அவள் சொல்ல நினைத்தது. ஆனால் அந்த வாக்கியத்தைப் படிக்கும் ஆங்கிலம் தெரிந்தவருக்கு, “என் பாட்டி இன்னும் தொலைக்காட்சியில் நேரடியாக ஒளிபரப்பாகிக்கொண்டிருக்கிறார்” என்றுதான் தோன்றும். வகுப்பில் இதைச் சொன்னதும் பிள்ளைகள் எல்லாரும் சிரித்தார்கள். அவளும் சேர்ந்து சிரித்தாள். எனக்கு மட்டும் ஒரு யோசனை வந்தது. இந்தச் சிறிய சொல் இப்போது தொலைக்காட்சித் திரையின் மூலையில், கைப்பேசியில், கடைவீதியில், மின்சாரக் கம்பியில் என்று எங்கும் நம்மைச் சுற்றி இருக்கிறது. இதன் பொருளைச் சரியாகத் தெரிந்துகொள்ளாவிட்டால் தேர்வில் ஒரு புள்ளி மட்டும் போவதில்லை. சில வேளைகளில் அதைவிடப் பெரிய நட்டமும் வரும். ஆகவே இன்றைய உரையில் ‘லைவ்’ என்ற இந்த ஒரு சொல்லைப் பற்றி மட்டும் பேசலாம் என்று வந்திருக்கிறேன்.

முதலில் உச்சரிப்பைக் கவனிப்போம். எல், ஐ, வி, ஈ. இந்த நான்கு எழுத்துகளுக்கு ஆங்கிலத்தில் இரண்டு ஓசைகள் உண்டு. ‘லிவ்’ என்று சொன்னால் அது வினைச்சொல். ‘வாழ்’, ‘குடியிரு’ என்று பொருள். “ஐ லிவ் இன் பூச்சோங்” என்றால் “நான் பூச்சோங்கில் வசிக்கிறேன்” என்பதாகும். அதே எழுத்துகளை ‘லைவ்’ என்று சொன்னால் அது பெயரடை. ஒரு பெயர்ச்சொல்லுக்கு முன்னால் நின்று, அந்தப் பொருள் எத்தகையது என்று சொல்லும் சொல்லைத்தான் பெயரடை என்கிறோம். ‘சிவப்புப் பூ’ என்பதில் ‘சிவப்பு’ எப்படியோ, ‘லைவ் மேட்ச்’ என்பதில் ‘லைவ்’ அப்படி.

இரண்டையும் நினைவில் வைத்துக்கொள்ள ஒரு வழி சொல்கிறேன். ‘லிவ்’ என்பது ‘கிவ்’ என்ற சொல்லோடு ஓசையில் சேரும். ‘லைவ்’ என்பது ‘பைவ்’, ‘டிரைவ்’ என்ற சொற்களோடு சேரும். பிள்ளைகளே, “கிவ், லிவ், பைவ், லைவ்” என்று நான்கைந்து முறை வாய்விட்டுச் சொல்லிப் பாருங்கள், பிறகு மறக்காது. நம் பிள்ளைகள் பலர் “ஐ லைவ் இன் பூச்சோங்” என்று சொல்லிவிடுகிறார்கள். வாய்மொழித் தேர்வில் இது உடனே காதில் விழுந்துவிடும்.

இனி, பொருளைப் பார்ப்போம். ‘அலைவ்’ என்று ஒரு சொல் உண்டு. ‘உயிரோடு’ என்பது அதன் பொருள். அந்தச் சொல் முன்னெழுத்து தேய்ந்து ‘லைவ்’ என்று ஆயிற்று. ஆகவே ‘லைவ்’ என்பதன் அடிப்படைப் பொருள் ‘உயிருள்ள’ என்பதே. பாசாருக்குப் போகிறீர்கள். தொட்டியில் மீன்கள் நீந்திக்கொண்டிருக்கின்றன. அவை ‘லைவ் பிஷ்’. பக்கத்தில் ஐஸ் கட்டிமேல் அடுக்கியிருப்பவை ‘லைவ் பிஷ்’ அல்ல. கூண்டில் கொக்கரிப்பது ‘லைவ் சிக்கன்’; உரித்துத் தொங்குவது வெறும் ‘சிக்கன்’.

இங்கே ஒரு விதியைக் கவனிக்க வேண்டும். ‘லைவ்’ என்பதைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போட வேண்டும். ‘அலைவ்’ என்பதைப் பெயர்ச்சொல்லுக்கு முன்னால் போடக்கூடாது. வாக்கியத்தில் பின்னால்தான் வரும். “எ லைவ் பிஷ்” சரி. “த பிஷ் இஸ் அலைவ்” என்பதும் சரி. “அன் அலைவ் பிஷ்” என்பது தவறு. மனிதர்களைப் பற்றிச் சொல்லும்போது ‘அலைவ்’ என்றோ ‘லிவிங்’ என்றோதான் சொல்ல வேண்டும். அந்தச் சிறுமி “மை கிராண்ட்மதர் இஸ் ஸ்டில் அலைவ்” என்று எழுதியிருந்தால் முழுப் புள்ளியும் கிடைத்திருக்கும்.

சரி, உயிருள்ள மீனுக்கும் கோழிக்கும் உரிய இந்தச் சொல் தொலைக்காட்சிக்குள் எப்படி நுழைந்தது?

ஒரு சொல் எப்போது பிறக்கிறது என்பதை யோசித்துப் பாருங்கள். கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி மட்டுமே இருந்த காலத்தில் யாரும் அதைக் ‘கறுப்பு வெள்ளைத் தொலைக்காட்சி’ என்று சொல்லவில்லை. வெறும் ‘டிவி’ என்றுதான் சொன்னார்கள். நம் நாட்டில் 1978 டிசம்பர் 28-ஆம் நாள் வண்ண ஒளிபரப்பு தொடங்கியது. வண்ணப்பெட்டி வீட்டுக்குள் வந்த பிறகுதான் பழைய பெட்டிக்குக் ‘கறுப்பு வெள்ளை’ என்று தனிப்பெயர் தேவைப்பட்டது. எதிரே இன்னொன்று வந்து நிற்கும்போதுதான் முதலில் இருந்ததற்கு ஓர் அடைமொழி வேண்டியிருக்கிறது.

‘லைவ்’ என்ற சொல்லும் அப்படித்தான். வானொலியின் தொடக்க காலத்தில் பாடகர் ஒலிவாங்கியின் முன் நின்று பாடுவார். அந்த நொடியே அது காற்றில் போகும். அப்போது அதை ‘லைவ்’ என்று சொல்ல வேண்டிய அவசியம் இருக்கவில்லை. பிறகு இசைத்தட்டில் பதிந்த பாட்டுகளும் பேச்சுகளும் வானொலியில் வரத் தொடங்கின. எது ஆள் நேரில் பாடுவது, எது தட்டில் சுற்றுவது என்று பிரித்துச் சொல்ல வேண்டியதாயிற்று. ஆகவே 1930-களில் ஆங்கிலத்தில், ஆள் நேரில் இருந்து நடத்துவதை ‘லைவ்’ என்று சொல்லத் தொடங்கினார்கள். உயிருள்ள மனிதர் இந்த நொடியில் பேசுகிறார், பாடுகிறார் என்பதுதான் அதன் கருத்து. தட்டில் இருப்பது ‘ரெக்கார்டட்’. அதாவது பதிவு செய்யப்பட்டது.

தொலைக்காட்சியிலும் தொடக்கத்தில் பெரும்பாலானவை நேரடியாகவே நடந்தன. அல்லது திரைப்படச் சுருளை ஓட்டிக் காட்டினார்கள். படத்தை நாடாவில் பதிந்து வைக்கும் கருவி 1956-இல்தான் அமெரிக்காவில் நல்ல முறையில் பயன்பாட்டுக்கு வந்தது. அதன்பிறகு, காலையில் பதிந்ததை மாலையில் காட்டலாம். தவறு நேர்ந்தால் மறுபடியும் பதியலாம். பார்ப்பவருக்கோ எது பதிவு, எது நேரடி என்று கண்ணால் பிரித்தறிய வழியில்லை. ஆகவே திரையின் மூலையில் ‘லைவ்’ என்று எழுதிக் காட்டும் வழக்கமும் வந்தது.

நம் நாட்டில் தொலைக்காட்சி 1963 டிசம்பர் 28-ஆம் நாள் தொடங்கியது. இரண்டாவது அலைவரிசை 1969 நவம்பரில் வந்தது. தனியார் நிலையமான டிவி மூன்று 1984 ஜூன் முதல் நாள் வந்தது. மலாய் அலைவரிசையில் பந்தாட்டம் பார்க்கும் பிள்ளைகளுக்குச் ‘சியாரான் லாங்சோங்’ என்ற சொற்றொடர் நன்றாகத் தெரியும். ‘லாங்சோங்’ என்றால் இடையில் எதுவும் இல்லாமல் நேராக என்று பொருள். பதிவு செய்ததை ‘ராக்காமான்’ என்பார்கள். தமிழில் நாம் ‘நேரடி ஒளிபரப்பு’ என்கிறோம். ‘நேரலை’ என்ற அழகான சொல்லும் இப்போது வழக்கத்தில் இருக்கிறது. பாருங்கள், ஆங்கிலம் இதை ‘உயிருள்ளது’ என்று பார்க்கிறது; மலாயும் தமிழும் ‘நேராக வருவது’ என்று பார்க்கின்றன. மொழி வேறானால் பார்வையும் வேறாகிறது. ஆகவேதான் அகராதியில் முதலில் காணும் பொருளை மட்டும் வைத்துக்கொண்டு மொழிபெயர்க்கக்கூடாது என்று பிள்ளைகளுக்குச் சொல்கிறோம்.

இந்த இடத்தில் தமிழிலும் ஓர் எழுத்தைக் கவனியுங்கள். ‘ஒலி’ என்பது காதால் கேட்பது. ‘ஒளி’ என்பது கண்ணால் காண்பது. வானொலி செய்வது ஒலிபரப்பு. தொலைக்காட்சி செய்வது ஒளிபரப்பு. ஒரே ஓர் எழுத்துதான் வேறுபாடு. லகர ளகரத்தைச் சரியாக உச்சரிக்காவிட்டால் வானொலி தொலைக்காட்சியாகிவிடும்!

நேரடி ஒளிபரப்புக்கு ஏன் இவ்வளவு மதிப்பு? என் சிறு வயதில் நடந்த ஒன்றைச் சொன்னால் விளங்கும்.

1992 மே மாதம் 16-ஆம் நாள். கோலாலம்பூர் ஸ்டேடியம் நெகாராவில் தாமஸ் கிண்ணப் பூப்பந்து இறுதியாட்டம். மலேசியாவும் இந்தோனேசியாவும் மோதின. மலேசியா அதற்கு முன் கடைசியாக 1967-இல்தான் அந்தக் கிண்ணத்தை வென்றிருந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எங்கள் தோட்டத்து லயங்களுக்கு ஜெனரேட்டர்தான் மின்சாரம் கொடுத்தது. இரவு பத்து மணிக்கு அதை நிறுத்திவிடுவார்கள். அன்றைக்கு மட்டும் ஆட்டம் முடியும்வரை ஓட்ட வேண்டும் என்று பெரியவர்கள் கேட்டுக்கொண்டு, டீசலுக்கு வீட்டுக்கு வீடு காசு சேர்த்தார்கள். எங்கள் வரிசையில் நல்ல டிவி இருந்த ஒரு வீட்டின் முன் ஐம்பது அறுபது பேர் உட்கார்ந்திருந்தோம். என் அப்பா ஒவ்வொரு புள்ளிக்கும் என் தோளைப் பிடித்து அழுத்துவார். மறுநாள் தோள் வலித்தது.

ஆட்டம் உச்சத்தில் இருந்தபோது விளக்கு ‘பொசுக்’கென்று அணைந்தது. டீசல் தீர்ந்துவிட்டது. ஒரே கூச்சல்! அப்போது ஓர் அண்ணன் தன் வீட்டுக்கு ஓடிப்போய் பேட்டரியில் ஓடும் சிறிய வானொலிப்பெட்டியைக் கொண்டுவந்தார். இருட்டில் அறுபது பேரும் மூச்சு விடாமல் உட்கார்ந்து மலாய் வருணனையைக் கேட்டோம். மலேசியா மூன்றுக்கு இரண்டு என்று வென்றது. ஒளி போய்விட்டது, ஒலி காப்பாற்றியது.

மறுநாள் மாலை அதே ஆட்டத்தின் காட்சிகளைத் தொலைக்காட்சியில் காட்டினார்கள். படம் தெளிவாக இருந்தது, விளக்கும் எரிந்தது. ஆனால் முன்னாள் இரவு இருந்த கூட்டம் இல்லை. அப்பா சற்று நேரம் பார்த்துவிட்டு வெற்றிலை போட எழுந்து போய்விட்டார். காரணம் என்ன? முடிவு தெரிந்துவிட்டது. நேரடி என்பதன் உயிர் அங்கேதான் இருக்கிறது. அடுத்து என்ன நடக்கும் என்பது ஆடுகிறவருக்கும் தெரியாது, வருணனை செய்கிறவருக்கும் தெரியாது, பார்க்கிற நமக்கும் தெரியாது. எல்லாரும் ஒரே நொடியில் நிற்கிறோம். அதனால்தான் அதற்கு ‘உயிருள்ள’ என்ற பெயர் பொருந்துகிறது.

ஒரே நொடி என்றேன். ஒரே மணி என்று சொல்லவில்லை. இதையும் தெளிவுபடுத்திக்கொள்வோம். 1975-ஆம் ஆண்டு ஜூலை முதல் நாள் நம் மெர்டேக்கா விளையாட்டரங்கில் முகமது அலி, ஜோ பக்னருடன் பதினைந்து சுற்றுகள் குத்துச்சண்டை போட்டுப் புள்ளிக் கணக்கில் வென்றதைத் தோட்டத்துப் பெரியவர்கள் இன்றும் பேசுவார்கள். அதே ஆண்டு அக்டோபர் முதல் நாள் அவர் பிலிப்பைன்ஸ் நாட்டில் ஜோ பிரேசியருடன் மோதினார். அந்தச் சண்டையைக் காலை ஏறக்குறைய பதினொரு மணிக்கு வைத்தார்கள். குத்துச்சண்டையை யாராவது காலையில் வைப்பார்களா? அமெரிக்காவில் உள்ளவர்கள் நேரடியாகப் பார்க்க வேண்டும் என்பதற்காகத்தான். பிலிப்பைன்சில் அக்டோபர் முதல் நாள் காலை என்றால் அமெரிக்காவில் அப்போது செப்டம்பர் 30-ஆம் நாள் இரவு. கடிகாரம் வேறு, தேதியும் வேறு. ஆனால் அது அங்கும் நேரடிதான். ஆகவே நள்ளிரவில் எழுந்து ஐரோப்பியப் பந்தாட்டம் பார்க்கும் பிள்ளைகள், அங்கே மாலை வெளிச்சம் இருப்பதைப் பார்த்து ‘இது பழைய ஆட்டம்’ என்று நினைத்துவிடக்கூடாது.

இன்னும் நுணுக்கமாகப் பார்த்தால் நேரடி ஒளிபரப்பிலும் சிறு தாமதம் உண்டு. துணைக்கோள் நமக்கு மேலே ஏறக்குறைய 35,800 கிலோமீட்டர் உயரத்தில் நிற்கிறது. படம் அங்கே ஏறி இறங்கி வரக் கால் நொடி ஆகும். நம் நாட்டில் பழைய ஏரியல் முறை ஒளிபரப்பு 2019 அக்டோபர் இறுதியோடு நின்றுபோய், இப்போது எல்லாம் இலக்கமுறை ஒளிபரப்பாகிவிட்டது. அதில் படத்தைச் சுருக்கி விரிப்பதற்குச் சில நொடிகள் பிடிக்கும். கைப்பேசியில் பார்த்தால் இன்னும் கூடுதலாகப் பிடிக்கும். பக்கத்து வீட்டு டிவியில் “கோல்!” என்று சத்தம் கேட்கும்; உங்கள் கைப்பேசியிலோ பந்து இன்னும் நடுத்திடலில் உருண்டுகொண்டிருக்கும். இரண்டும் ‘லைவ்’தான். சில நொடித் தாமதம் இருந்தால் ‘லைவ்’ இல்லை என்று யாரும் சொல்வதில்லை. ஆனால் பல மணி நேரம் கழித்துக் காட்டினால் அது ‘லைவ்’ ஆகாது. ‘டிலேய்ட்’ என்று சொல்ல வேண்டும். தாமதித்த ஒளிபரப்பு என்பது பொருள்.

இனி, நம்மைக் குழப்பக்கூடிய இரண்டு வழக்குகளைச் சொல்கிறேன்.

‘லைவ் ஆடியன்ஸ்’ என்று ஒரு வழக்கு உண்டு. ‘ஆடியன்ஸ்’ என்றால் பார்வையாளர்கள். நகைச்சுவை நிகழ்ச்சி ஒன்றை அரங்கத்தில் மக்களை உட்காரவைத்து நடத்திப் பதிவு செய்கிறார்கள். சிரிப்பொலி உண்மையான மக்களுடையது என்பதுதான் அதன் பொருள். நிகழ்ச்சி நேரடியானது என்று பொருள் இல்லை. அதேபோலக் கச்சேரி ஒலிநாடாக்களின் அட்டையில் ‘ரெக்கார்டட் லைவ்’ என்று போட்டிருக்கும். பதிவு என்றும் சொல்கிறார்கள், நேரடி என்றும் சொல்கிறார்களே, இது என்ன முரண்பாடு? ஒலிப்பதிவுக் கூடத்தில் துண்டு துண்டாகப் பாடிச் சேர்த்தது அல்ல. மேடையில் மக்கள் முன்னால் பாடியபோதே பதிந்தது என்பதுதான் கருத்து. இங்கே ‘லைவ்’ என்பது பாடியபோது இருந்த நிலையைச் சொல்கிறது. நீங்கள் கேட்கும் நேரத்தைச் சொல்லவில்லை. ஆகவே, இந்தச் சொல்லைக் கண்டதும் “எது லைவ்? எப்போது லைவ்?” என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

இந்தக் கேள்வியை என் பாட்டியும் ஒரு நாள் கேட்டார். 1987 டிசம்பர் 24-ஆம் நாள் மக்கள் திலகம் எம்.ஜி.ஆர். காலமானார். எங்கள் தோட்டமே சோறு தண்ணீர் இல்லாமல் கிடந்தது. சில வாரங்கள் கழித்துப் பக்கத்து வீட்டு டிவியில் அவருடைய பேச்சு ஒன்றைக் காட்டினார்கள். பாட்டி என்னைத் தட்டி, “ஏண்டி, இவரு போயிட்டாருன்னு யாருடி சொன்னது? இதோ நல்லாத்தானே பேசுறாரு!” என்றார். ஏழு வயதுப் பிள்ளையாகிய நான், “அது பழசு பாட்டி” என்றேன். பாட்டி சிறிது நேரம் பேசாமல் இருந்தார். பிறகு, “பழசுன்னு எழுதிப் போட்டா என்னவாம்?” என்றார். படிக்காதவர் பேச்சு என்று அன்று சிரித்தார்கள். இன்று நினைத்தால், அவர் கேட்டது முற்றிலும் நியாயமான கேள்வி என்று தெரிகிறது.

அடுத்து, தொலைக்காட்சிப் பெட்டிக்குப் பின்னால் இருக்கும் இன்னொரு ‘லைவ்’ பற்றிச் சொல்ல வேண்டும். இது விளையாட்டுக் காரியம் அல்ல. ‘லைவ் வயர்’ என்றால் மின்சாரம் வரும் கம்பி. மின்சாரம் இல்லாத கம்பியை ஆங்கிலத்தில் ‘டெட்’ என்பார்கள். செத்தது என்று பொருள். நம் வீடுகளுக்கு வரும் மின்சாரம் ஏறக்குறைய 230 முதல் 240 வோல்ட். ஆளைக் கொல்ல அது போதும். உயிருள்ள கம்பி நம் உயிரை எடுத்துவிடும் என்று நினைவில் வையுங்கள்.

மின்சாதனங்களின் வளையும் கம்பியைப் பிரித்தால் உள்ளே மூன்று நிறங்கள் இருக்கும். பழுப்பு நிறம் ‘லைவ்’. நீல நிறம் ‘நியூட்ரல்’. மின்சாரம் திரும்பும் கம்பி. பச்சையும் மஞ்சளும் கலந்த கோடு போட்டது ‘எர்த்’. கசியும் மின்சாரத்தை மண்ணுக்கு அனுப்பும் கம்பி. பழைய கம்பிகளில் சிவப்பு ‘லைவ்’, கறுப்பு ‘நியூட்ரல்’, பச்சை ‘எர்த்’ என்று இருந்தன. நிறம் மாறியிருப்பது தெரியாமல், பழைய பழக்கத்தில் கை வைப்பவர்கள் உண்டு. நிறம் தெரிந்தாலும் அந்த வேலை தெரிந்தவரைக் கூப்பிடுவதே நல்லது. கூரைமேல் ஏரியல் கம்பத்தையோ நீண்ட கழியையோ தூக்கி நிறுத்தும்போது மேலே மின்கம்பி போகிறதா என்று முதலில் அண்ணாந்து பாருங்கள். செம்பனைக் குலை வெட்டும் நீண்ட அரிவாள் கழியைத் தூக்குபவர்களுக்கும் இதையே சொல்கிறேன். யாராவது மின்சாரத்தில் மாட்டிக்கொண்டால் அவரைத் தொட்டு இழுக்காதீர்கள். முதலில் மெயின் சுவிட்சை அடையுங்கள். ‘டேஞ்சர், லைவ் வயர்’ என்ற பலகையைப் படித்துவிட்டு, ‘ஏதோ நேரடி ஒளிபரப்பு’ என்று ஒரு பிள்ளை நினைத்துவிட்டால் என்ன ஆகும் என்று எண்ணிப் பாருங்கள்.

கடைசியாக, நம் எல்லார் கையிலும் இருக்கும் கைப்பேசிக்கு வருவோம். முன்பெல்லாம் நேரடி ஒளிபரப்பு என்றால் பெரிய வண்டி, பெரிய கருவி, பத்து இருபது ஆட்கள் வேண்டும். இப்போது ஓர் இளைஞன் தன் வீட்டு வாசலிலிருந்தே உலகத்துக்கு நேரலை போடுகிறான். நல்ல வசதிதான். ஆனால் ‘லைவ்’ என்ற சொல்லை முன்பு நிலையத்தார் போட்டார்கள். இன்று யார் வேண்டுமானாலும் எதன்மேல் வேண்டுமானாலும் எழுதிவிடலாம்.

2021 டிசம்பர் 18-ஆம் நாள் கிள்ளான் பள்ளத்தாக்கில் கொட்டிய மழையை நாம் மறக்க முடியாது. ஷா ஆலம் தாமான் ஸ்ரீ மூடாவில் வீடுகள் மூழ்கின. மக்கள் கூரைமேல் ஏறி உதவிக்குக் காத்திருந்தார்கள். அந்த இரவில் உண்மையான நேரலைகள் பலரைக் காப்பாற்ற உதவின. எந்தத் தெருவில் ஆள் மாட்டியிருக்கிறார் என்று படகு வைத்திருந்தவர்களுக்கு அவை காட்டின. ஆனால் அதே இரவில் எங்கள் பெற்றோர் குழுவுக்கும் ஒரு படம் வந்தது. அணை உடைந்து வெள்ளம் பாய்வதுபோல் இருந்தது. மேலே ‘லைவ்’ என்று சிவப்பில் எழுதியிருந்தது. என் மாணவன் ஒருவனின் தாயார் அதைப் பார்த்துவிட்டு, இரண்டு பிள்ளைகளையும் மோட்டார்சைக்கிளில் ஏற்றிக்கொண்டு கொட்டும் மழையில் கிளம்பிவிட்டார். இருட்டில் கால்வாய் தெரியவில்லை. மூவரும் விழுந்தார்கள். பிள்ளைகளுக்குச் சிராய்ப்பு, தாயாருக்கு மணிக்கட்டு முறிந்தது. அவர்கள் குடியிருந்தது மேட்டுப்பகுதி. அங்கே தண்ணீர் வரவே இல்லை. பிறகு பார்த்தால் அந்தப் படம் வேறு ஊரில், வேறு ஆண்டில் எடுத்தது. அதில் எல்லாரும் வெயிலில் நின்றிருந்தார்கள். நள்ளிரவு நேரலையில் வெயில் எப்படி வரும் என்று எங்களில் ஒருவருக்கும் அப்போது கேட்கத் தோன்றவில்லை. எனக்கும் தோன்றவில்லை. நானும் அதை இரண்டு பேருக்கு அனுப்பியிருந்தேன். அந்தத் தாயாரைப் பார்க்கப் போனபோது அதைச் சொன்னேன். “பரவாயில்லைங்க டீச்சர், நம்மப் பிள்ளைங்க நல்லா இருக்குதுங்க” என்றார். எனக்கு அது ஆறவில்லை. இந்த உரைக்கு நான் இந்தச் சொல்லைத் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

ஆகவே பெற்றோர்களே, ‘லைவ்’ என்று எழுதியதைக் கண்டால் மூன்று கேள்விகள் கேளுங்கள். முதலாவது, எந்த நேரம்? படத்தில் தெரிவது பகலா, இரவா? மழையா, வெயிலா? நம் வாசலில் இருப்பதோடு ஒத்துப்போகிறதா? இரண்டாவது, எந்த இடம்? கடைப்பலகை, வண்டி எண் பலகை, பேசும் மொழி இவையெல்லாம் நம் வட்டாரத்தவையா? மூன்றாவது, யார் சொல்வது? பெயர் தெரிந்தவரா, நிலையமா, அல்லது யாரோ யாருக்கோ அனுப்பிக் கைமாறி வந்ததா? வெள்ளம் போன்ற ஆபத்து நேரத்தில் வானொலிச் செய்தியையும் அதிகாரிகளின் அறிவிப்பையும் ஒப்பிட்டுப் பாருங்கள். உண்மையான நேரலை என்றால், அதில் பேசுகிறவரிடம் கேள்வி கேட்டால் அவர் பதில் சொல்ல முடியும். பதிவில் உள்ளவர் பதில் சொல்லமாட்டார். கைப்பேசியில் பொருள் விற்பவர்களிடமும் இதே சோதனையைச் செய்து பார்க்கலாம். “அக்கா, அந்தச் சேலையைத் திருப்பிக் காட்டுங்கள்” என்று எழுதுங்கள். திருப்பிக் காட்டினால் அது ‘லைவ்’. காட்டாமல் ஒரே பேச்சைத் திரும்பத் திரும்பப் பேசினால் காசை மடியிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.

பிள்ளைகளே, இன்று சொன்னதைச் சுருக்கிச் சொல்கிறேன். ‘லிவ்’ என்பது வாழ்வது. ‘லைவ்’ என்பது உயிருள்ள, நேரடியான, மின்சாரம் ஓடுகின்ற என்று இடத்துக்கேற்பப் பொருள் தரும் பெயரடை. ‘அலைவ்’ என்பது உயிரோடு இருப்பது; அது வாக்கியத்தில் பின்னால்தான் வரும். வீட்டில் தாளை எடுத்து, மீன், பந்தாட்டம், கம்பி, பாட்டி என்ற நான்கையும் வைத்து நான்கு ஆங்கில வாக்கியங்கள் எழுதுங்கள். எங்கே ‘லைவ்’ வரும், எங்கே ‘அலைவ்’ வரும் என்று பார்த்து எழுதி, உங்கள் ஆசிரியரிடம் காட்டுங்கள்.

பூச்சோங்கைச் சுற்றி இருந்த தோட்டங்களில் பல இன்று வீடமைப்புப் பகுதிகளாகிவிட்டன. பால் மரங்கள் நின்ற இடத்தில் கடைத்தொகுதிகள் நிற்கின்றன. கேரித் தீவு போன்ற இடங்களில் செம்பனைக்கு நடுவே வாழும் நம் குடும்பங்கள் இன்னும் இருக்கின்றன. எங்கே இருந்தாலும் நம் பிள்ளைகளின் கையில் ஒரு திரை இருக்கிறது. அந்தத் திரை சொல்வதையெல்லாம் நம்ப வேண்டாம். நம்பாமல் ஒதுக்கவும் வேண்டாம். கேட்டுப் பார்த்து நம்பப் பழக்குவோம்.

சொல்ல மறந்துவிட்டேன். அந்தச் சிறுமி தன் கட்டுரையைத் திருத்தி எழுதிப் பாட்டிக்குப் படித்துக் காட்டினாளாம். பாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. “முதல்ல எழுதுனதுக்கு என்ன அர்த்தம்?” என்று கேட்டாராம். “நீங்க டிவியில வர்றீங்கன்னு அர்த்தம் பாட்டி” என்றாளாம். “அப்படின்னா அதையே வச்சிருக்கலாமே!” என்றாராம் பாட்டி.

மீண்டும் வேறொரு சொல்லோடு உங்களைச் சந்திக்கிறேன்.